மாதாவோடு காய்

பெலிண்டா மாதாவோடு காய் விட்டு ஒரு வருடம் ஆகப் போகிறது.

சின்னப் பிள்ளைகள் பென்சிலுக்கும் ரப்பருக்கும் சண்டை போட்டுக் காய் விட்டால், மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் பழம் விட்டுவிடும். பெலிண்டாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. திருச்சியில் ஒரு கல்லூரியில் அலுவலகக் கண்காணிப்பாளர். அவள் விட்ட காய் அவ்வளவு லேசில் பழுக்கிற காய் இல்லை.

கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்டாள் என்று நினைத்துவிட வேண்டாம். போகாமல் இருந்தால் மாதா அவளை மறந்துவிடலாம் அல்லவா? அதனால் ஞாயிறு தவறாமல் ஸ்ரீரங்கத்தில் ஒன்றாம் நம்பர் பஸ் ஏறிப் பாலக்கரைக்கு வந்து, மாதா சுரூபத்துக்கு நேர் எதிரே, நன்றாகக் கண்ணில் படும்படி உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொள்வாள். பூசைக்கு முன்னால் எல்லோரும் செபமாலை சொல்வார்கள். அருள்நிறை மந்திரத்தின் முன்பாதி மாதாவை வாழ்த்துவது, பின்பாதி மாதாவிடம் கேட்பது. பெலிண்டா வாழ்த்தவும் மாட்டாள், கேட்கவும் மாட்டாள். வாயைத் தையல் போட்டது போல் மூடியிருப்பாள். இயேசுவோடு பேச்சு உண்டு. அதுவும் மாமியாரோடு சண்டை போட்ட மருமகள் புருஷனோடு பேசுகிற அளவுக்குத்தான். வேலையாக ஏதாவது இருந்தால் மட்டும்.

இந்தச் சண்டை எதனால் வந்தது என்று தெரிய வேண்டுமென்றால், முதலில் பெலிண்டா எழுதுவாள் என்பது தெரிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு வீடே குறட்டை விடுகிற நேரத்தில், செல்போனில் ஒரு பக்கம் எழுதி ஃபேஸ்புக்கில் போடுவாள். பெரிய இலக்கியமெல்லாம் இல்லை. வீட்டில் நடந்தது, பஸ்ஸில் கேட்டது, பிரசங்கத்தின் நடுவில் யார் யார் தூங்கினார்கள் என்பது, இப்படி. முதலில் சொந்தக்காரர்கள் படித்தார்கள். பிறகு அவர்களுக்குத் தெரிந்தவர்கள் படித்தார்கள். கடைசியில் துபாயில் இருக்கும் முகம் தெரியாத ஒருவர், "இந்த வாரம் தைரியராஜ் சார் என்ன பண்ணினார்?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டது. தைரியராஜ் அவள் கணவர். பொன்மலை ரயில்வே பணிமனையில் இருந்தவர், சாது, கைக்கு வந்ததையெல்லாம் தவற விடுகிறவர். எழுதுவதற்கு அவரைப் போல ஒரு மனிதர் கிடைப்பது பாக்கியம்.

ஆனால் அந்தப் பக்கங்களின் கதாநாயகன் அவர் இல்லை. பெலிண்டாவின் தம்பி லூர்து.

லூர்து பாலக்கரையில் மைக் செட் வைத்திருந்தான். மாதா தேர், மாரியம்மன் திருவிழா, பள்ளிவாசல் விசேஷம் எதுவானாலும் அவன் ஒலிபெருக்கிதான் பாடும். சத்தம் பத்தாவிட்டால் சாமிக்கே கேட்காது என்பது அவன் கொள்கை. ஆளும் அப்படித்தான். அவன் போனில் பேசுவதைக் கேட்டால், இவனுக்கு எதற்குப் போன் என்று தோன்றும். "எங்கக்கா என்னைப் பத்திப் பொய் பொய்யா எழுதுறா" என்று ஊரெல்லாம் புகார் சொல்வான். சொல்லிக்கொண்டே அந்தப் பொய்யை ஊருக்கெல்லாம் அனுப்பியும் வைப்பான். இரண்டு வாரம் அவன் பெயர் வரவில்லை என்றால், மூன்றாம் வாரம் வீட்டுக்கே வந்து ஏதாவது வம்பு பண்ணிவிட்டுப் போவான். எழுதுவதற்கு விஷயம் வேண்டாமா?

போன வருடத் தவக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள். பிறகு மஞ்சள் காமாலை என்றார்கள். பிறகு ஈரல் என்றார்கள், அப்புறம் டாக்டர்கள் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். பெலிண்டா நேராகப் பாலக்கரைக்குப் போய் மாதா முன்னால் முழங்காலிட்டாள்.

மெழுகுவர்த்தி எல்லோரும்தான் ஏற்றுகிறார்கள். மொட்டை போட்டால் முடி வளர்ந்துவிடுகிறது. பெலிண்டா கறாரானவள். கொடுப்பதென்றால் தனக்கு வலிக்கிற மாதிரி கொடுக்க வேண்டும், அப்போதுதான் மேலே மதிப்பார்கள் என்று நினைத்தாள். "மாதாவே, என் தம்பியைக் காப்பாத்துங்க. நான் இனிமே எழுத மாட்டேன். ஒரு வரி எழுத மாட்டேன்" என்று பொருத்தனை வைத்தாள். வேறு யாரும் அப்படி நேர்ந்துகொண்டதாகத் தெரியவில்லை.

ஈஸ்டர் முடிந்து ஊரெல்லாம் அல்லேலூயா பாடிக்கொண்டிருந்த வாரத்தில் லூர்து போய்விட்டான்.

நியாயமாகப் பார்த்தால், மாதா தன் பங்கைச் செய்யவில்லை. ஆகவே பெலிண்டாவும் தன் பங்கைச் செய்ய வேண்டியதில்லை. கண்ணீரைத் துடைத்துக்கொண்டு அடுத்த மாதமே எழுத உட்கார்ந்திருக்கலாம். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். பெலிண்டாவின் வீம்பு வேறு மாதிரி. "நீங்க கைவிட்டாலும் நான் சொன்ன வார்த்தையை விட மாட்டேன், பாத்துக்கிட்டே இருங்க" என்று முடிவு கட்டினாள். அவள் எழுதாமல் இருக்க இருக்க மாதாவுக்கு உறைக்க வேண்டும், கொஞ்சம் வெட்கமாகவும் இருக்க வேண்டும் என்பது திட்டம். ஒரு வருடமாக எதிரே உட்கார்ந்து உற்றுப் பார்க்கிறாள். மாதாவின் முகத்தில் எந்த மாற்றமும் தெரியவில்லை.

இதற்கு நடுவில் தைரியராஜ் ஓய்வுபெற்றார். பொன்மலை குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டுப் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தார்கள். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் அடுத்த தெருவுக்குப் போவார்கள், இவள் ஆற்றையே தாண்டிவிட்டாள் என்று அவர் சொல்வார். காலையில் கோவில் மணிக்குப் பதிலாகக் கீழ்வீட்டில் திருப்பாவை கேட்டது. எதிர்வீட்டில் வடகலை தென்கலை என்று என்னவோ பேசிக்கொண்டார்கள். புது ஊர், புது வீடு, சமையலறையில் குழாய் இடது பக்கம். எழுத எவ்வளவு இருந்தது! ஒன்றும் எழுதவில்லை.

இதில் அதிகம் நொந்துபோனது தைரியராஜ்தான். கேலிக்கு ஆளாகிப் பழகிவிட்டார், பாவம். மூக்குக்கண்ணாடியைச் சட்டைப் பையில் விட்டபடி வாஷிங் மெஷினில் போட்டுத் துவைத்தார். பழைய பெலிண்டாவாக இருந்தால் அது இரண்டு ஞாயிறுக்குத் தாங்கும். காயப் போட்ட சட்டையில் உடைந்த கண்ணாடியைக் கண்டெடுத்தவள் ஒன்றும் சொல்லாமல் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு அவர் ரொம்ப நேரம் பால்கனியில் நின்றார்.

தவக்காலம் மறுபடி வந்து முடியப் போகிற சமயத்தில், லூர்துவின் மனைவி அமலியின் அண்ணன் செபஸ்தியான் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பினான். முதலாம் ஆண்டு நினைவுப் பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற நினைவு அட்டை. மேலே சிலுவை, நடுவில் லூர்து கோட்டுப் போட்ட படம். அவன் வாழ்நாளில் கோட்டுப் போட்டதில்லை, ஸ்டுடியோவில் ஒட்டியது. அது போகட்டும். கீழே எழுதியிருந்தது:

"அமைதியின் உருவமே! அடக்கத்தின் சிகரமே! அதிர்ந்து பேசாத அன்புத் தென்றலே!"

பெலிண்டா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு செபஸ்தியானுக்குப் போன் போட்டாள்.

"பாத்தீங்களாக்கா? ஃபோட்டோ சூப்பரா வந்திருக்குல்ல?"

"ஃபோட்டோ இருக்கட்டும். கீழ யாரைப் பத்தி எழுதியிருக்கு?"

"நம்ம மாப்பிள்ளையைப் பத்திதான்."

"அதிர்ந்து பேசாதவனா? அவன் ரகசியம் பேசுனாலே காந்தி மார்க்கெட்ல வெங்காய மூட்டை சரியும். அடக்கமாம், சிகரமாம்! படிச்சா அவனே எந்திரிச்சு வந்து யாருடா இந்த ஆளுன்னு கேப்பான்."

"பிரஸ்ல ரெடியா வெச்சிருக்காங்கக்கா. எங்க பெரியப்பா செத்தப்பவும் இதேதான் போட்டோம். அடுக்கடுக்கா வருது, நல்லாத்தானே இருக்கு?" செபஸ்தியான் குரல் இறங்கியது. "பிடிக்கலைன்னா நீங்களே நாலு வரி எழுதிக் குடுங்க. எழுதுற ஆளை வீட்லயே வெச்சுக்கிட்டு நான் ஏன் பிரஸ்ல போய் நிக்கப் போறேன்? வியாழக்கிழமை அச்சுக்குப் போயிரும், அதுக்குள்ள குடுங்க."

"நான் எழுத முடியாது."

"ஏங்கா?"

"முடியாதுன்னா முடியாது" என்று போனை வைத்துவிட்டாள்.

அந்த மாதிரி அட்டைகளை யாரும் தூக்கிப் போடுவதில்லை. பைபிளுக்குள் வைப்பார்கள். முப்பது வருடம் கழித்து யாராவது பைபிளைத் திறந்தால், லூர்து என்று கோட்டுப் போட்ட ஒரு பரம சாது பாலக்கரையில் வாழ்ந்து தென்றலாக வீசியிருக்கிறார் என்று நம்பிவிடுவார்கள். லூர்து இரண்டாம் தடவை சாவது போல் இருந்தது பெலிண்டாவுக்கு. அதே சமயம், ஒரு வருடம் கட்டிக் காத்த காயை இதற்காக விடுவதா? மாதா ஜெயித்தது போல் ஆகிவிடாதா?

சட்டப்படி ஒரு வழி இருப்பது அவளுக்குத் தெரியும். பொருத்தனையை நிறைவேற்ற முடியாதவர்கள் பங்குச் சாமியாரிடம் போனால் அதை வேறு ஒன்றாக மாற்றிக் கொடுப்பார். நடைப்பயணம் நேர்ந்தவருக்கு மூட்டுவலி வந்தால் பத்து செபமாலை, இப்படி. மாதாவிடம் தான் இறங்கிப் போகாமல், சாமியார் மூலமாக ஆபீஸ் முறையில் விவகாரத்தை முடித்துக்கொள்ளலாம் என்று சனிக்கிழமை காலைப் பூசைக்கே போய்விட்டாள்.

சவரிநாதன் சாமியார் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"மாத்திக் குடுக்கலாம்மா, அதுக்கென்ன. நீ என்ன கேட்டு நேர்ந்துக்கிட்ட?"

"என் தம்பி பொழைக்கணும்னு ஃபாதர்."

"பொழைக்கலையேம்மா."

"இல்ல ஃபாதர்."

"அப்ப பொருத்தனையே இல்லையே. நடந்தா செய்யுறேன்னுதான சொன்ன? நடக்கல. உன்னைக் கட்டியிருக்கிற கட்டு எதுவும் இல்ல. நான் எதை அவுக்கிறது?"

"எனக்கும் தெரியும் ஃபாதர்."

"தெரிஞ்சா ஏன் எழுதல?"

பெலிண்டா கைப்பையின் வாரை முறுக்கினாள். "மாதாவோட காய் விட்டிருக்கேன் ஃபாதர். அவங்களுக்கு உறைக்கட்டும்னு."

சாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துக்க வீட்டில் சிரித்தவர் போல் உடனே அடக்கிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உறைச்சிச்சா?"

"தெரியல. முகத்துல ஒன்னும் காட்டிக்க மாட்டேங்குறாங்க."

"அவங்ககிட்டயே கேளேன்."

"காய் விட்டிருக்கேன்னு சொல்றேன், கேளுன்னா எப்படி ஃபாதர்? நீங்களா பாத்து ஏதாவது சொல்லி அவுத்து விடுங்க. பத்து ஜெபமாலை குடுங்க. வேணாம், இருபது குடுங்க."

"இல்லாத கட்டுக்கு இருபது ஜெபமாலையா? நான் மாட்டேன்." சாமியார் எழுந்தார். "பூட்டினது நீ, சாவியும் உன்கிட்டத்தான் இருக்கு. ஒன்னே ஒன்னு கேக்குறேன், வருத்தப்படாத. நீ எழுதாததுல யாருக்கும்மா நஷ்டம்? மாதாவுக்கா?"

சாமியாரோடும் காய் விட்டுவிடலாமா என்று யோசித்தபடி பெலிண்டா பஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காவிரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது, யாருக்கு நஷ்டம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. ஒரு வருடமாகத் தெரியும். அதை நினைக்காமல் இருப்பதற்குத்தான் மாதாவையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் லூர்து கேட்டான். கண்ணெல்லாம் மஞ்சளாகி, அந்தக் குரல் பாதியாகி, கட்டிலில் சாய்ந்து கிடந்தபோதும் கேட்டான். தட்டில் இருந்த இட்லியைக் காட்டி, "அக்கா, இதைச் செவுத்துல அடிச்சா திரும்பி நம்ம கைக்கே வரும். எழுது. இந்த ஞாயித்துக்கிழமை இதைத்தான் எழுதணும். வார்டு பூரா படிச்சுக் காட்டப் போறேன்" என்றான். அவள் "பாக்கலாம்டா" என்றாள். அடுத்த வாரம் மறுபடி கேட்டான். "ஆபீஸ்ல வேலைடா" என்றாள். பொருத்தனையை வெளியே சொன்னால் பலிக்காமல் போய்விடுமோ என்று பயம். எழுதினால் அவன் செத்துவிடுவான் என்று பயம். அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. "அக்காவுக்கு என் மேல என்ன கோவம்?" என்று அமலியிடம் கேட்டிருக்கிறான். அமலி அதை அடக்கம் முடிந்த பிறகு சொன்னாள்.

பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள், கேட்காமலே தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பெலிண்டா வாங்கிக் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பங்குனி உத்திரம். ஸ்ரீரங்கமே கோவிலுக்குள் இருந்தது. மறுநாள் அட்டை அச்சுக்குப் போகிறது என்ற எரிச்சலில் பெலிண்டா லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். மத்தியானம் மாடிப்படியில் கீழ்வீட்டு வைதேகி மாமி மூச்சு வாங்க ஏறி வந்தார். பெலிண்டா வயதுதான், மாமி என்பது அந்தப் பக்கத்து வழக்கம். மாமியின் தலையில் பூவிதழ்கள், தோளில் எண்ணெய்க் கறை போல் ஏதோ.

"மேடம், எங்காத்துச் சாவி உங்காத்துல குடுத்துட்டுப் போனேனோன்னோ?"

"இந்தாங்க. என்ன மாமி, பிளவுஸெல்லாம் வெண்ணெய்?"

மாமியின் முகம் மலர்ந்தது. "மட்டையடி மேடம்! இன்னிக்கு மட்டையடின்னா! நான் தாயார் கட்சி. முன்னாலயே நின்னுட்டேன், மேல பட்டுடுத்து."

"யாரை அடிச்சாங்க?"

"பெருமாளைத்தான்! உறையூர் போயிட்டு வந்தாரே. அங்க ஒரு நாச்சியார் இருக்கா, அவளோட சேர்த்தி. போறவர் சொல்லிட்டுப் போப்படாதோ? திரும்பி வந்து நின்னா, தாயார் கதவைப் படார்னு சாத்திட்டா. ஒரு தரம் இல்லை, வர வரச் சாத்தறா. வாழை மட்டை பறக்கறது, பூப்பந்து பறக்கறது, வெண்ணெய் பறக்கறது. பெருமாள் பின்னால போறார், மறுபடி வரார். பாக்கவே பரிதாபமா இருந்தது."

பெலிண்டாவுக்கு அந்தத் தாயாரை ரொம்பப் பிடித்துவிட்டது. தன்னைப் போல் ஒருத்தி ஊருக்குள்ளேயே இருந்திருக்கிறாள்! "நல்லா வேணும்" என்றாள். "கதவைச் சாத்திட்டு அப்புறம் அவங்க பேச்சே வெச்சுக்க மாட்டாங்கல்ல?"

"பேச மாட்டாளா? நன்னா இருக்கே!" மாமி இடுப்பில் கையை வைத்தார். "பேசறதுக்குத்தானே மேடம் கதவையே சாத்தறது! கதவுக்கு உள்ளேர்ந்து கேக்கற கேள்விதான் உற்சவம். கண்ணு ஏன் செவந்திருக்கு, நெத்தி ஏன் கலைஞ்சிருக்கு, கையில மோதிரம் எங்கேன்னு ஒண்ணு விடாம கேப்பா. அவர் சமாதானம் சொல்லச் சொல்ல இவ விட மாட்டா. ரெண்டு பக்கத்துக்கும் ஆள் நின்னு வாசிப்பா, நாங்க கேட்டுண்டே இருப்போம். கடைசில ஆழ்வார் நடுவுல வந்துதான் சமாதானம் பண்ணி வெப்பார்."

"பேசாம இருந்தா என்ன?"

"பேசாம இருந்தா அவருக்கு எப்படித் தெரியும், இவ கோவமா இருக்கான்னு? அவர் பாட்டுக்கு வேற வேலையைப் பாத்துண்டு போயிடுவார்" என்றார் மாமி, ரொம்பச் சாதாரணமாக. "சரி, நான் ரெண்டு வாய் சாப்டுட்டு ஓடணும். இன்னிக்கு ஒரு நாள்தான் ரெண்டு பேரையும் சேர்த்து சேவிக்கலாம்."

மாமி போனதும் பெலிண்டா கதவைச் சாத்தினாள். பிறகு உள்ளே வந்து, சாப்பாட்டு மேஜையில் செல்போனை வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். விரல் மறந்துபோயிருந்தது. முதல் வார்த்தையை நான்கு தடவை அழித்தாள்.

பிறகு வந்தது பாருங்கள்.

அன்று பெலிண்டா மாதாவைக் கேள்வி கேட்டு எழுதிய எழுத்தைச் சாமியார் படித்தால் மயக்கம் போட்டிருப்பார். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டாள். ஊரில் எத்தனை குடிகாரர்கள் ஈரல் கெடாமல் நடமாடுகிறார்கள், சொட்டுக்கூடக் குடிக்காதவன் ஈரல்தான் கிடைத்ததா என்று கேட்டாள். உங்கள் தேருக்கு வருடா வருடம் தொண்டை கிழியக் கத்தினானே, அந்தச் சத்தம்கூடவா கேட்கவில்லை என்று கேட்டாள். நீங்களும் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்தானே, அந்த வலி தெரிந்தவர் செய்கிற காரியமா இது என்றும் கேட்டாள். அந்த வரியை அழித்துவிடலாமா என்று பார்த்தாள். அழிக்கவில்லை.

எல்லாம் கேட்ட பிறகும் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. எழுதுவதை விட்டுவிடு என்று மாதா கேட்டாரா? கேட்கவே இல்லை. கேட்டது லூர்து ஒருவன்தான். அவன் கேட்டது எழுதச் சொல்லி.

பெலிண்டா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். ஒரு வருடமாக மாதாவுக்காக எடுத்து வைத்திருந்த கோபம், போக வேண்டிய இடம் தெரியாமல் கரைந்து வழிந்தது. அழுது முடித்து மூக்கைச் சிந்தி, புதுப் பக்கம் எடுத்து, "இட்லி" என்று எழுதினாள். சிரிப்பு வந்துவிட்டது.

தைரியராஜ் காபியோடு வந்தவர், மனைவி செல்போனில் இரண்டு கட்டைவிரலாலும் வேகமாகத் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். ஓசைப்படாமல் டம்ளரை வைத்தார். போகாமல் அங்கேயே நின்றார்.

"என்னைப் பத்தியா?"

"இல்ல. லூர்தைப் பத்தி."

"சரி சரி. எழுது, எழுது." இரண்டடி போய்த் திரும்பினார். "அந்தக் கண்ணாடி மேட்டர் ஞாபகம் இருக்குல்ல?"

"இருக்குங்க. போங்க."

சாயங்காலம் செபஸ்தியானுக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அக்கா, இட்லியெல்லாம் போடலாமாக்கா? மேல சிலுவை இருக்கு."

"போடுங்க."

"பிரஸ்காரரு சிரிக்கிறாருக்கா."

"சிரிக்கட்டும்."

"இல்லக்கா, கடைசி வரி படிச்சிட்டு..." செபஸ்தியான் பேச்சை மாற்றினான். "அப்படியே போட்டுருவோம்க்கா. அந்தக் கோட்டையும் எடுத்துரச் சொல்றேன்."

ஈஸ்டர் முடிந்த அடுத்த சனிக்கிழமை மாலை நினைவுப் பூசை. வாசலில் அமலி ஒவ்வொருவர் கையிலும் அட்டையைக் கொடுத்தாள். அரைக்கைச் சட்டையில் லூர்து வாயைத் திறந்தபடி இருந்தான். அவன் படம் எதிலும் வாய் மூடியிருந்ததில்லை. கீழே இப்படி இருந்தது:

"லூர்து. பாலக்கரையில் இவன் சத்தம் கேட்காத வீடு கிடையாது. மாதா தேருக்கும் மாரியம்மன் தேருக்கும் ஒரே அளவு சத்தம் வைத்தவன். யார் சொல்லியும் குறைத்ததில்லை. கடைசியாகச் சண்டை போட்டது ஆஸ்பத்திரி இட்லியோடு. செவுத்துல அடிச்சா திரும்பி நம்ம கைக்கே வரும், இதை எழுது என்றான். அக்கா ஒரு வருடம் தாமதமாக எழுதியிருக்கிறேன். உன் மேல் கோபம் இல்லை தம்பி, ஒரு நாளும் இருந்ததில்லை. நீ இல்லாமல் வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. எங்களுக்குப் பிடிக்கவில்லை."

கோவிலுக்குள் அங்கங்கே குபீர் குபீர் என்று சிரிப்புக் கிளம்பியது. வெங்காய மண்டிக்காரர்கள், மாரியம்மன் கோவில் விழாக் கமிட்டிக்காரர்கள், சவுண்ட் சர்வீஸ் ஆசாத் எல்லோரும் வந்திருந்தார்கள். சிரித்தவர்கள் கடைசி வரிக்கு வந்ததும் அட்டையை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தார்கள். அமலி பெலிண்டாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவள் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பூசை உடுப்போடு அந்தப் பக்கமாக வந்த சவரிநாதன் சாமியார் குனிந்து, "என்னம்மா, பழமா?" என்று கேட்டார்.

பெலிண்டா யோசித்தாள். மாதாவை நிமிர்ந்து பார்த்தாள். எழுதிய பக்கத்தில் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் வரவில்லை.

"செங்காய் ஃபாதர்" என்றாள்.

சாமியார் தலையை ஆட்டிக்கொண்டு போனார். செபமாலை தொடங்கியது. முன்பாதி வாழ்த்து வந்தபோது பெலிண்டா வாயைத் திறக்கவில்லை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. பின்பாதி, மாதாவிடம் கேட்கிற பாதி, வந்தது. பக்கத்தில் இருந்த தைரியராஜ் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். பெலிண்டாவின் குரல் மைக் இல்லாமலே கடைசி பெஞ்சு வரை கேட்டது.